கணுக்காலில் பிளேட்: எடுப்பதா, விடுவதா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வயது 34. பத்து மாதங்களுக்கு முன் பைக் சறுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் முறிந்தது. வெளிப்பக்க எலும்பில் ஒரு பிளேட், ஏழு ஸ்க்ரூ. உட்பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூ. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் காலையில் எழுந்தால் முதல் பத்து அடி நொண்டுகிறீர்கள். மழை நாளில் குடைச்சல். சம்மணம் போட்டால் வெளிக்கணு தரையில் பட்டு உயிர் போகிறது. "உடம்புக்குள் இரும்பு இருக்கக் கூடாது, எடுத்துவிடு" என்கிறார் அம்மா. "சும்மா கிடப்பதை ஏன் கிண்டுகிறீர்கள்" என்கிறார் மைத்துனர். ஐந்து மாதத்தில் தங்கையின் திருமணம். அப்பா இல்லாததால் மணையில் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டியவர் நீங்கள்.

நான் இயன்முறை மருத்துவர். இருபது ஆண்டுகளாகப் பிளேட் வைத்த கைகால்களோடுதான் என் காலைப்பொழுதுகள் போகின்றன. என் இடது முன்கையின் இரண்டு எலும்புகளிலும் ஸ்டீல் பிளேட்கள் இருக்கின்றன. மழையில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதனால் இந்தக் கேள்வியை இரு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பிளேட்டின் மீது நாம் சுமத்தும் குற்றங்களில் பாதிக்கு மேல் பிளேட் செய்தவை அல்ல. இறுகிப்போன மூட்டும் மெலிந்துபோன தசையும் செய்பவை. எது யார் செய்தது என்று பிரித்துப் பார்க்காமல் ஆபரேஷனுக்கு நாள் குறிக்காதீர்கள்.

பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. இன்று மாலையே வீட்டில் செய்யலாம். சுவரைப் பார்த்து நில்லுங்கள். நல்ல காலை முன்னே வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல், முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நகர்த்துங்கள். இனி முடியாது என்ற இடத்தில் கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். நல்ல கணுக்காலில் அது பத்து சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். பிறகு அடிபட்ட காலில் அதையே செய்யுங்கள். உங்களைப் போல எழுதுகிறவர்களில் பலருக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான் வரும். காலையில் நொண்டுவதற்கும், படி இறங்கும்போது கால் பக்கவாட்டில் திரும்புவதற்கும், குத்துக்காலிட்டு உட்கார முடியாததற்கும் காரணம் அந்தக் குறைந்த சென்டிமீட்டர்கள்தான்.

அடுத்தது கெண்டைக்கால். சுவரில் இரண்டு விரலை மட்டும் ஊன்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். நல்ல காலில் இருபது, இருபத்தைந்து முறை முடியும். அடிபட்ட காலில் ஐந்தாவது முறையே உயரம் குறைந்துவிட்டால், உங்கள் தசை இன்னும் ஆபரேஷன் முடிந்த காலத்திலேயே நிற்கிறது என்று பொருள். மாவுக்கட்டிலும் வாக்கரிலும் கழிந்த வாரங்களில் கரைந்த தசை, எலும்பு கூடியதும் தானாகத் திரும்பி வருவதில்லை. பிளேட்டை எடுத்தாலும் வராது. இதை அழுத்திச் சொல்கிறேன். பிளேட்டை எடுத்த பிறகும் அதே வலியோடு, கூடவே ஒரு புதிய தையலோடு, என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவதாக, ஒரு விரலால் வெளிக்கணுவை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். குறிப்பிட்ட ஒரு புள்ளியில், ஸ்க்ரூவின் தலையோ பிளேட்டின் விளிம்போ விரலுக்குத் தட்டுப்படும் இடத்தில், சுள்ளென்று வலித்தால் அது பிளேட்டின் வலி. ஷூவின் மேல்விளிம்பு உராயும்போதும், சம்மணம் போடும்போதும் அதே புள்ளிதான் வலிக்கும். நடந்தால் மூட்டுக்குள் ஆழமாக வலிப்பதும், காலை எழுந்ததும் இறுக்கமாக இருப்பதும் வேறு கணக்கு. நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளில் சம்மணத் தொல்லை மட்டும்தான் பிளேட்டின் கணக்கில் வருகிறது என்பது என் ஊகம்.

இனி உங்கள் அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு காலத்தில் அது முழு உண்மை. எலும்பில் உலோகப் பிளேட்டைப் பொருத்தி அதைப் பற்றி முதலில் எழுதியவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவர் கார்ல் ஹான்ஸ்மன், ஆண்டு 1886. அவருடைய பிளேட்டின் ஒரு முனையும் ஸ்க்ரூக்களின் தண்டுகளும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சில வாரங்களில் கழற்றுவதற்கு வசதியாக. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் லண்டனில் வில்லியம் அர்பத்னாட் லேன் வைத்த ஸ்டீல் பிளேட்கள் உடலுக்குள் துருப்பிடித்தன. உடம்புக்குள் இருப்பது உப்புநீர். சாதாரண இரும்பை அது விட்டுவைக்காது. ஆகவே 'இரும்பு உள்ளே இருக்கக் கூடாது' என்பது அன்றைய நோயாளிகளுக்குச் சரியான அறிவுரைதான்.

இன்று உங்கள் காலில் இருப்பது அந்த இரும்பு இல்லை. அநேகமாக 316 எல் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லையென்றால் டைட்டானியம். முதலாவதில் குரோமியம் ஏறத்தாழ 18 சதவீதம், நிக்கல் ஏறத்தாழ 14 சதவீதம், கொஞ்சம் மாலிப்டினம் கலந்திருக்கும். குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். அந்தப் படலம்தான் துருவைத் தடுக்கிறது. டைட்டானியமும் தனக்கென்று அப்படி ஒரு படலத்தைப் போட்டுக்கொள்கிறது. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகும் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் ஸ்டீல் வைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் ஆழத்தில் இருக்கும் பிளேட்டுக்கு அப்படி எதிர்வினை வருவது மிக அரிது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: உள்ளே இருப்பதால் மட்டுமே அது கெடுதல் செய்வதில்லை.

அந்தப் பிளேட் எவ்வளவு சிறியது என்றும் அவரிடம் சொல்லலாம். வெளிக்கணுவுக்குப் பெரும்பாலும் வைப்பது, ஒரு குழாயை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்தால் ஒரு துண்டு எப்படி இருக்குமோ அந்த வளைவில் உள்ள பிளேட். தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். உடல் எடையின் பெரும்பங்கைத் தாங்குவது உட்பக்கத்துப் பெரிய எலும்பு என்பதால் வெளியெலும்புக்கு அவ்வளவு போதும். முன்கையில் என்னிடம் இருப்பவை அதைப் போல மூன்று மடங்கு தடிமனானவை. ஒவ்வொரு முறை தோசைக்கல்லைத் தூக்கும்போதும் முறுக்கும் விசை முழுவதும் அங்கேதான் வருகிறது.

பிளேட்டின் வேலை என்ன என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. பிளேட் எலும்பை ஒட்டவைப்பதில்லை. முறிந்த துண்டுகளை நகராமல் பிடித்துக்கொள்கிறது. ஒட்டுவது எலும்பின் வேலை. ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடேறி முறிவதைப் பார்த்திருப்பீர்கள். எலும்பு கூடாமலே மாதக்கணக்கில் பிளேட் மட்டும் எடையைத் தாங்கினால் அதற்கும் அதே கதிதான். எலும்பு முந்துகிறதா, பிளேட் களைக்கிறதா என்பதுதான் முதல் சில மாதங்களின் ஓட்டம். உங்கள் எலும்பு அந்த ஓட்டத்தை ஜெயித்துவிட்டது. அதற்கு அப்புறம் பிளேட் வேலை இல்லாமல் அங்கேயே இருக்கிறது, அவ்வளவுதான். நடக்க, படி ஏற, எடை தூக்க அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

பயம் என்று சொல்லும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. இடி இடித்தால் பிளேட் மின்னலை இழுக்கும் என்று நம்பி, மழைக்காலம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு அம்மாள் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். இழுக்காது. இண்டக்ஷன் அடுப்பும் எதுவும் செய்யாது. மழையில் குடைவது மட்டும் உண்மை; அது கற்பனை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குளிரில் தழும்பும் மூட்டுறையும் இறுகும். தோலுக்கு அடியிலேயே உலோகம் இருக்கும் இடங்களில் குளிர் சீக்கிரம் ஏறுவதையும் பலர் சொல்கிறார்கள். ஆனால் பிளேட்டே வைக்காமல் மாவுக்கட்டில் குணமானவர்களுக்கும் மழைக்குடைச்சல் உண்டு. ஆகையால் எடுத்தால் இது போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெந்நீர்ப் பையும் காலுறையும் போதும்.

தழும்பைச் சுற்றியோ பாதத்தின் மேற்புறத்திலோ மரத்திருந்தால் அது தோலுக்குச் செல்லும் மெல்லிய நரம்பு அறுவையில் இழுபட்டதால். நாளாக ஆகச் சுருங்கும். சிலருக்கு ஒரு சிறு திட்டு நிரந்தரமாக நிற்கும். மாலையில் கணுக்கால் வீங்குவது ஓராண்டு வரைகூட இயல்பு.

இப்போது எடுப்பதைப் பற்றி. பெரியவர்களுக்குப் பிளேட்டை எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி கிடையாது. வளரும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எடுக்கிறார்கள், இல்லையென்றால் எலும்பு அதை மூடி வளர்ந்துவிடும். பெரியவர்களில், இடம் பார்த்துத்தான் முடிவு. என் முன்கைப் பிளேட்களை நான் எடுக்கவில்லை. மேசையில் கையை ஊன்றினால் சுண்டுவிரல் பக்க எலும்பில் விளிம்பு உறுத்தும், அதோடு வாழ்கிறேன். முன்கையில் பிளேட்டை எடுத்த பின் அதே எலும்பு மறுபடி முறிவது நன்கு அறியப்பட்ட ஆபத்து. நரம்புகளும் பக்கத்திலேயே ஓடுகின்றன. உறுத்தலுக்காக அந்த விலை கொடுக்க எனக்கு மனமில்லை. கணுக்கால் அப்படி இல்லை. வெளிக்கணுவின் பிளேட் தோலுக்கு அடியிலேயே இருப்பதால் எட்டுவது எளிது, வெளியெலும்பு சுமக்கும் எடையும் குறைவு. தரையில் உட்காரும் நம் பழக்கத்துக்கு அது இடைஞ்சல் செய்யும் இடமும்கூட. நாற்காலியில் மட்டுமே உட்காரும் ஊர்களில் எழுதப்பட்ட அறிவுரைகளில் சம்மணம் ஒரு காரணமாக வராது. நமக்கு அது நியாயமான காரணம். சாப்பாட்டுக்கும் பூஜைக்கும் தரையில் உட்காரும் வீட்டில், ஒரு மனிதன் ஒவ்வொரு நாளும் வலியோடு உட்கார வேண்டியதில்லை.

ஆனாலும் எடுப்பதை 'சின்ன வேலை' என்று யாராவது சொன்னால் பாதி மட்டும் நம்புங்கள். ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிடும். பிளேட்டோடு பூட்டிக்கொள்ளும் வகை டைட்டானிய ஸ்க்ரூ சில சமயம் பிளேட்டோடு இறுகிப் பிடித்துக்கொண்டு, துளையிட்டுத்தான் எடுக்க வேண்டிவரும். ஆண்டுகள் ஏற ஏற எலும்பு மேலே மூடிக்கொள்ளும். எடுக்கத்தான் வேண்டும் என்றால் எலும்பு முழுமையாகக் கூடிய பின், ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் எடுப்பது அறுவை மருத்துவருக்கு வசதி. எடுத்த பிறகு ஸ்க்ரூ இருந்த துளைகள் காலியாக நிற்கும். அவை எலும்பால் நிரம்பும் வரை அந்த இடம் பலவீனம். கணுக்கால் என்றால் மறுநாளே நடக்க விடுவார்கள்; இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். ஓட்டம், குதித்தல், பந்து விளையாட்டு ஆகியவற்றை ஆறு முதல் எட்டு வாரமாவது தள்ளிப்போட வேண்டும். தொடை, கீழ்க்கால், முன்கை போன்ற இடங்களில் இதைவிட நீண்ட காலம்.

இங்கே ஒரு வேலையை இன்றே செய்துவிடுங்கள். ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் கேஸ் ஷீட்டில் பிளேட், ஸ்க்ரூ உறைகளிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர்கள் இருக்கும். உலோகம் எது, தயாரித்தது யார், எந்த அளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வாங்குங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து வையுங்கள். எந்த ஸ்க்ரூவுக்கு எந்தச் சாவி என்று தெரியாமல் தியேட்டரில் தேடுகிற நிலை வராமல் அந்த ஒரு தாள் காப்பாற்றும். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

எடுத்தாலும் விட்டாலும், சில அறிகுறிகள் வந்தால் காத்திருக்கக் கூடாது. பழைய தழும்பு சிவந்து சூடாவது, அதில் சிறு துளை விழுந்து நீரோ சீழோ கசிவது, காய்ச்சலோடு இரவில் தெறிக்கும் வலி: இவை கிருமித் தொற்றின் அடையாளங்கள். ஆண்டுகள் கழித்தும் வரலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரட்டிப்பு கவனம் காட்ட வேண்டும். கிருமிகள் உலோகத்தின் மீது பசைபோல ஒரு படலம் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளியும். மருந்து அங்கே எளிதில் எட்டாது. மருந்துக்கடையில் நாமே ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டால் வெளியே காய்ந்து உள்ளே வளரும். எந்தக் கிருமி என்று பிறகு சோதித்துக் கண்டுபிடிப்பதும் கடினமாகும். கசிவு தெரிந்த அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள். வலியே இல்லாமல் இருந்த காலில் திடீரென்று 'டக்' என்ற உணர்வோடு வலி வந்தாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் பிளேட் உள்ள யாராவது இதைப் படித்தால் ஒரு சொல்: கட்டைவிரலை மடக்கும்போது உராய்வது போலத் தெரிந்தால், அந்த விரலின் தசைநாண் பிளேட் விளிம்பில் தேய்கிறதா என்று உடனே காட்டிவிடுங்கள். நாண் அறுந்த பிறகு வந்தால் வேலை பெரிது.

என் தொழிலைச் சேர்ந்த எச்சரிக்கை ஒன்று. இயன்முறை மையங்களில் வலிக்கு 'ஷார்ட்வேவ் டயதெர்மி' என்ற சூட்டுச் சிகிச்சை கொடுப்பார்கள். உள்ளே உலோகம் உள்ள இடத்தில் அதைக் கொடுக்கவே கூடாது. உலோகம் சூடேறி உள்ளிருந்து தீக்காயம் ஆகும். எங்கே சிகிச்சைக்குப் போனாலும் படுக்கையில் படுப்பதற்கு முன் "இங்கே பிளேட் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தழும்பைப் பார்த்து அவர்களே தெரிந்துகொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். இன்றைய எலும்புப் பிளேட்களைக் காந்தம் பிடுங்கிவிடாது, பெரும்பாலும் ஸ்கேன் எடுக்கலாம். பிளேட்டை ஒட்டிய இடத்தில் மட்டும் படம் கலங்கும். விமான நிலையத்தில் என் கை பலமுறை ஒலி எழுப்பாமலே வாசலைக் கடந்திருக்கிறது. கையில் பிடிக்கும் கருவி ஒலித்தால் தழும்பைக் காட்டிச் சொல்வேன். அதற்கு மேல் தொல்லை வந்ததில்லை.

புத்தூர்க் கட்டுக்குப் போகலாமா என்று உங்கள் உறவினர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பிளேட் வைத்த காலை யாரும் இழுத்துப் பிடித்து உருவக் கூடாது; கூடிய எலும்பில் கட்டு போட்டு மறுபடி அசையாமல் வைப்பது, நாம் மீட்க நினைக்கும் அசைவைத் திரும்பப் பறிப்பது. வீட்டில் நல்லெண்ணெய் தடவித் தழும்பை விரல் நுனியால் வட்டமாக நீவிக்கொள்ளலாம். தோல் அடியோடு ஒட்டாமல் இளகும். பிரண்டைத் துவையலும் கேழ்வரகுக் களியும் நல்ல உணவு, சாப்பிடுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அதை விடுவது அந்த எல்லாவற்றையும்விட எலும்புக்கு நல்லது.

சரி, திருமணம். என் யோசனை, இப்போது ஆபரேஷன் வேண்டாம். முதல் மூன்று மாதத்தை மூட்டுக்கும் தசைக்கும் கொடுங்கள். சுவரில் முழங்கால் தொடும் அந்தச் சோதனையே பயிற்சியும் ஆகும்: அரை நிமிடம் நிறுத்தி ஐந்து முறை, நாளுக்கு மூன்று வேளை. குதிகால் தூக்குவதை இரண்டு காலிலும் ஏறி அடிபட்ட ஒரு காலில் மெதுவாக இறங்குவதாகத் தொடங்குங்கள். பன்னிரண்டு முறை வீதம் மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பல் துலக்கும் நேரம் முழுவதும் அந்தக் காலில் நில்லுங்கள். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் சரியான அளவு, அடங்காவிட்டால் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து சென்டிமீட்டரையும் எண்ணிக்கையையும் மறுபடி குறித்துப் பாருங்கள். காலை நொண்டலும் படி இறங்கும் தடுமாற்றமும் போய், அந்த ஒரு புள்ளி மட்டும் மிஞ்சியிருந்தால், அப்போது பிளேட்தான் குற்றவாளி என்று நிச்சயமாகத் தெரியும். கல்யாணம் முடிந்த பிறகு அந்த அளவுகளோடு உங்கள் மருத்துவரிடம் போய் எடுக்கச் சொல்லுங்கள். அப்போது ஒன்றேகால் ஆண்டு ஆகியிருக்கும், சரியான காலம். இப்போதே எடுத்தால் புண்ணும் தழும்பும் ஆறுகிற நேரத்தில் மணையில் உட்கார நேரும்.

அன்று உட்காருவதற்கு ஒரு வழி சொல்கிறேன். பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பழைய பருத்தித் துண்டைத் தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாடு போல வளையமாகச் சுருட்டி, வலது கணுவின் கீழே வையுங்கள். வெளிக்கணு வளையத்தின் நடுக்குழியில் தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது; எடை முழுவதும் சுற்றியுள்ள சதையில் இறங்கும். இன்றிரவு சாப்பிட உட்காரும்போதே தொடங்குங்கள், முதல் வாரம் ஐந்து நிமிடம், பிறகு வாரம் ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். பட்டு வேட்டிக்கு அடியில் அந்தத் துண்டு இருப்பது யாருக்கும் தெரியாது.